ஏர்த் மாறிய காலம்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கு மோட்டார் வாகனத்தின் பற்றரியைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பொறியியல் நான் கற்றவனல்லன். ஆயினும் எனது தாய்மாமன் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு கறாஜ் வைத்திருந்தார். அவருடைய கைகளால் ஒருநாள் நிகழ்ந்த பிழை ஒன்றும், அதனைத் தடுத்திருக்கக்கூடிய நான் வாய்மூடி நின்றமையும் என் மனதில் இன்னும் கிடக்கின்றன. அந்தப் பிழையின் வேரைத் தேடிப் போனபோது, அது மாமாவின் கறாஜிலே தோன்றியதன்று, நீண்டதொரு வரலாற்றின் முடிவிலே வந்து விழுந்தது என்பதைக் கண்டுகொண்டேன்.

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதனை உயிர்ப்பிக்கப் பற்றரி தேவைப்படவில்லை. முன்பக்கத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றினார்கள். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். இதனாலேயே பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துக் கைபிடியைப் பிடிக்கவேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்லிக் கொடுப்பர். பிரான்சியரான காஸ்தோன் பிளாந்தே ஈய அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டிலேயே உருவாக்கியிருந்தபோதிலும், அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த மின் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் வந்தபின்னரே பற்றரி காரின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

பற்றரிக்கு இரண்டு முனைகள். ஒன்று நேர்முனை, மற்றையது மறைமுனை. சாரதிகள் பேச்சில் பிளஸ், மைனஸ். கம்பியைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு ஒரு முனையைக் காரின் இரும்பு உடம்போடு இணைத்துவிடுவார்கள். இதுவே ஏர்த். எந்த முனையை ஏர்த் ஆக்குவது என்பதில் எல்லா நாட்டவரும் ஒத்துப்போகவில்லை. 1930களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானியர் பெரும்பாலும் நேர்முனையையே உடம்போடு கட்டினர். அவ்வாறு செய்தால் முனைகள் அரிப்பது குறையும், ஸ்பார்க் பிளக் நீண்டகாலம் உழைக்கும் என்று அக்காலப் பொறியியலாளர்கள் கருதினர். இலங்கை வீதிகளில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகிய யாவும் இவ்வகையின.

அந்தக் கார்களுக்கு ஒரு பெருந்தன்மை இருந்தது. பற்றரியை மாறிக் கொழுவினாலும் பெரும்பாலும் ஒன்றும் எரிந்துவிடாது. ஸ்ராட்டர் மோட்டாரில் காந்தமும் மின்சாரத்தாலேயே உண்டாவதால், முனை மாறினாலும் அது அதே திசையிலேதான் சுழலும். மின்குமிழுக்கோ நேர், மறை என்ற பேதமே கிடையாது. டைனமோவைக்கூடக் கணநேரம் பற்றரியோடு தொடுத்துப் புதிய முனைக்குப் பழக்கிவிடலாம். தவறு செய்தவனை அம்பியர் மானியின் முள் மறுபக்கம் சாய்ந்து காட்டிக்கொடுக்கும். அவ்வளவுதான்.

இந்த நிலை 1960களில் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டின் வலியன்ற் காரில் டைனமோவுக்குப் பதிலாக அல்ரனேற்றரைப் பொருத்தியது. அல்ரனேற்றர் பிறப்பிப்பது ஆடலோட்ட மின். அதனை நேரோட்டமாக்கும் வேலையை டயோட்டுகள் செய்கின்றன. டயோட் என்பது ஒருவழிக் கதவு. முனைகளை மாற்றித் தொடுத்தால் பற்றரியின் முழு வலுவும் அந்தக் கதவினூடாகத் தடையின்றிப் பாய்ந்து கணப்பொழுதில் அதனைப் பொசுக்கிவிடும். ரான்சிஸ்ரர் வானொலிக்கும் இதே கதிதான். தசாப்தத்தின் முடிவுக்குள் பிரித்தானியரும் உலக வழக்கத்துக்கு இணங்கி மறைமுனையை ஏர்த் ஆக்கினர்.

இலங்கையிலோ பழைய காலமும் புதிய காலமும் ஒன்றாகவே ஓடின. 1960களின் தொடக்கத்தில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய கார்கள் அரிதாயின. இருந்த ஆங்கிலக் கார்களையே பழுதுபார்த்து ஓட்டினோம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. தெற்கிலே பழையவை மெல்ல மறைந்தன. வடக்கிலோ 1990இல் மீண்டும் மூண்ட போர் காலத்தையே நிறுத்தி வைத்துவிட்டது.

அவ்வாண்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. பெற்றோலுக்கு வழியில்லாமற் போனபோது காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் காரை ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிபலகையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவில் வானொலியை இயக்கி பீபீசி தமிழோசையையும் வெரித்தாஸையும் கேட்டார்கள். பத்திரிகைகள் கொப்பித்தாளில் அச்சாகின. நாங்கள் கொழும்பிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், மாமா தமது மொறிஸ் மைனரையும் ஊரவரின் கார்களையும் உயிரோடு வைத்திருந்தார். அவர் கற்ற மின்னியல் முழுவதும் நேர்முனை ஏர்த் ஆன கார்களிலேயே கற்றது.

2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ 9 வீதி திறக்கப்பட்டபின், ஒரு ஜப்பானிய வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போனேன். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மாமாவைக் கண்டேன். இரு கண்களிலும் வெண்புரை படர்ந்திருந்தது. எங்களோடு அவரைக் கொழும்புக்கு அழைத்துச்சென்று சத்திரசிகிச்சை செய்விப்பதென ஏற்பாடு செய்திருந்தோம். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, முற்றத்தில் வானின் சிறிய விளக்குகளை எரியவிட்டு அந்த வெளிச்சத்திலே சாமான்களை ஏற்றினோம். பின்னர் விறாந்தையில் இருந்து நெடுநேரம் பேசினோம். ஆங்கிலேயர் ஏன் பிளஸ்ஸை ஏர்த் ஆக்கினார்கள் என்பதை அன்றிரவுதான் மாமா எனக்குப் பெருமையோடு விளக்கினார். முற்றத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை நூர்க்க எவருக்கும் நினைவு வரவில்லை.

ஐந்து வாற் குமிழ்கள் ஐந்து எரிந்தால் 12 வோல்ற் பற்றரியிலிருந்து ஏறக்குறைய இரண்டு அம்பியர் போகும். பத்து மணித்தியாலத்தில் இருபது அம்பியர் மணி. நாற்பது அம்பியர் மணிப் பற்றரி ஒன்றின் பாதி இது. பழைய பற்றரியானால் அதற்குமேல் அதனிடம் ஒன்றும் எஞ்சாது. காலையில் சாவியைத் திருப்பியபோது "டிக்" என்ற ஓசை மட்டுமே வந்தது.

"தம்பி, இரவிரவாய் லைற்றை நூக்காமல் விட்டிட்டாய் போல கிடக்கு. பயப்படாதை, என்ரை மொறிஸ் இருக்கு" என்றார் மாமா. சாரதி குளித்துக்கொண்டிருந்தான். மாமா மொறிஸைக் கொணர்ந்து அருகில் நிறுத்தி, வெல்டிங் வயரில் தாமே செய்த இரு கேபிள்களை எடுத்தார். கண்கள் மங்கிய நிலையில் பற்றரியின் குறிகளை அவர் பார்க்கவில்லை. கைகள் ஐம்பது ஆண்டுகளாகப் பழகிய ஒழுங்கிலேயே போயின. முதலில் உடம்போடு உடம்பு. மொறிஸின் இயந்திரத்தையும் வானின் இயந்திரத்தையும் ஒரு கேபிளால் இணைத்தார். அடுத்து, உடம்போடு கட்டப்படாத முனையோடு உடம்போடு கட்டப்படாத முனை.

மொறிஸின் உடம்பு பிளஸ். வானின் உடம்பு மைனஸ். அந்த ஒழுங்கு இரண்டு பற்றரிகளையும் ஒன்றின் வாலை மற்றதன் வாய்க்குள் வைத்த பாம்புகள்போல ஆக்கிவிட்டது. அவர் இரண்டாவது கேபிளைக் கையில் எடுத்து நின்றபோது எனக்கு அந்த வேறுபாடு தெரிந்தது. முதல்நாள் இரவு கேட்ட விளக்கமும், வானின் பற்றரியிலே கண்ணெதிரே தெரிந்த குறியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் என் மனதிலே உரசின. ஆனால் வயதில் மூத்தவர், தொழில் தெரிந்தவர். பேனா பிடிப்பவனான நான் அவருக்குச் சொல்வதா? பேசாமல் நின்றேன்.

நீலப்பொறி பறந்தது. வயரின் உறை புகைந்தது. மாமா உடனே இழுத்தெடுத்துவிட்டார். எல்லாம் இரண்டு மூன்று விநாடிகள். பிற்பகலில் வந்து பார்த்த இளம் மின்னியலாளர், "அல்ரனேற்றரின்ரை டயோட் எல்லாம் போட்டுது, பிரதான பியூசும் போட்டுது" என்று சொன்னார். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வந்துசேர நான்கு நாட்களாயின. வானின் சொந்தக்காரருக்கு நான் பணம் செலுத்தினேன். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. மாமா எங்களோடு வர மறுத்துவிட்டார். "ஒரு வயர் கொழுவத் தெரியாதவனுக்குக் கண் எதுக்கு?" என்று கேட்டார். அதன்பின் கேபிள்களை அவர் கையில் எடுத்ததை எவரும் காணவில்லை. அடுத்த ஆண்டு அவரது ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை நடந்தது. 2005இல் காலமானார். எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை என்பதை அவரிடம் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் தவறில் பாதியை அவர் என்னிடம் இறக்கி வைத்திருக்கக்கூடும்.

பின்னர் விசாரித்து அறிந்தவற்றை இங்கே பதிவுசெய்கிறேன். உடம்பு எது என்று பார்க்காது, குறியைப் பார்த்தே தொடுக்கவேண்டும்: பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். ஏர்த் வேறுபட்ட இரு கார்களானால் அவற்றின் உடம்புகள் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஒரே ஏர்த் கொண்ட இன்றைய கார்களில் இறுதி இணைப்பான மைனஸைச் செயலிழந்த பற்றரியிலே கொழுவாது, அதற்குச் சற்றுத் தூரத்தில் இயந்திரத்தின் வெறும் இரும்பிலே கொழுவவேண்டும். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. 24 வோல்ற் லொறியிலிருந்து 12 வோல்ற் காருக்கு உயிர் கொடுக்க முயல்வது அழிவு. பழைய சாரதிகளின் இன்னொரு வழக்கமும் ஆபத்தானது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, இயந்திரம் ஓடும்போதே பற்றரியின் வயரைக் கழற்றுவார்கள். அல்ரனேற்றர் உள்ள வாகனத்தில் அப்போது எழும் மின்னழுத்தம் கணினிப் பகுதிகளை அழித்துவிடும்.

வரலாறு தன்னைத் திருப்பிச் சொல்லும் என்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கார்கள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. இன்றைய கார் உறங்கும்போதும் அதன் மணிக்கூடும் எச்சரிக்கைக் கருவியும் கணினியும் சிறிதளவு மின்னை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஓர் அம்பியரின் இருபதில் ஒரு பங்குதான். எனினும் ஒரு மாதத்தில் அது முப்பத்தாறு அம்பியர் மணியாகிவிடும். அதே மார்ச்சில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இருந்ததையே பேணி ஓட்டும் காலம் மீண்டும் ஐந்தாண்டுகள் நிலவியது.

2022இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடந்தபோது, எனக்கு முன்னே நின்ற காரின் பற்றரி செத்துப்போயிற்று. வானொலி கேட்டும் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றியும் அந்தப் பிள்ளை அதனை வற்றடித்துவிட்டான். யாரோ கேபிள் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் காரோடு தொடுக்க அவன் அவசரப்பட்டான். சிவப்பு வயர் போகவேண்டிய முனைக்குக் கறுப்பு வயர் நெருங்கியது. சுற்றி நின்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் கண்டேன்.

"தம்பி, கொஞ்சம் பொறு" என்றேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரு பற்றரிகளின் குறிகளையும் வாய்விட்டு வாசித்தேன். அவனும் என்னோடு சேர்ந்து வாசித்தான். கார் உயிர்பெற்றது. வரிசை ஒரு வாகன நீளம் நகர்ந்தது.