பீக்கோ ட்ரெயில்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் நெடுந்தூர நடைவழி. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, அப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். இலங்கையில் வாழும் ஸ்பானியரான மிகுவேல் குனாட் இதைத் திட்டமிட்டார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி அளித்தன.

வழி புதிதாக வெட்டப்பட்டதன்று. பெரும்பகுதி, பிரித்தானியர் காலத்தில் தேயிலையை ஆலைக்கும் ரயில் நிலையத்துக்கும் கொண்டுசெல்லப் போட்ட தோட்டப் பாதைகளே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் தொடக்கக் கட்டங்களிலேயே வந்துவிடுகிறது. இரண்டே ஆண்டில், அதுவரை மலைகளில் பயிரான கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்க, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகள் தேயிலைக்கு மாறின. 1885இல் நானுஓயாவை எட்டிய ரயில், 1924இல் பதுளையை அடைந்தது. ரயிலில் சரக்கேற்றப் பிறந்த பாதைகளில்தான் இன்று பயணிகள் நடக்கிறார்கள்.

இந்த மலைகளின் நடை வரலாறு அதற்கும் முந்தியது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த கூலித் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே பலிகொண்டன. அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுமே காடழித்துக் கொழுந்து கிள்ளி, லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, இத்தோட்டங்களை உருவாக்கினார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியினரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 2023இல், மலையகத் தமிழர் எனப்படும் இம்மக்களின் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நினைவு நடைப்பயணம் நிகழ்ந்தது. பீக்கோ ட்ரெயில் முழுமையாகத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

பூண்டுலோயாவுக்கும் வட்டகொடைக்கும் இடையிலான கட்டம் தமிழ் வாசகருக்கு முக்கியமானது. மலையக மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை பிறந்த மடக்கும்புர தோட்டம் அந்தப் பக்கத்தில்தான் உள்ளது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானவர் அவர். நடக்கப் புறப்படுவோர் அவரைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். லயத்து மக்களிடம் கேட்டுவிட்டே படமெடுங்கள்.