மூச்சுவழி மயக்க வாயுக்களும் வளிமண்டலமும்

சத்திரசிகிச்சையின்போது நோயாளி ஒட்சிசனுடன் சேர்த்துச் சுவாசித்து உணர்விழக்கும் வாயுக்களும் ஆவிகளும் மூச்சுவழி மயக்க வாயுக்கள் எனப்படும். செவோபுளூரேன், ஐசோபுளூரேன், டெஸ்புளூரேன், சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைத்திரசு ஒட்சைட்டு ஆகியவை இன்று வழக்கிலுள்ளவை. உடல் இவற்றை மிகக் குறைவாகவே சிதைக்கிறது: செவோபுளூரேனில் 5% வரை, டெஸ்புளூரேனில் வெறும் 0.02%. மீதி மூச்சோடு வெளியேறி, கழிவுக்குழாய் வழியே கூரைக்கு மேல் விடப்படுகிறது. சத்திரசிகிச்சைக்கூடத்தில் வேலை செய்வோரைக் காக்கும் அந்த ஏற்பாடு வளிமண்டலத்தைக் காப்பதில்லை.

நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ டெஸ்புளூரேன் சுமார் 2,500 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வெப்பத்தைத் தேக்குகிறது. ஸ்கொட்லாந்து 2023இல் அதைக் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், வேறு மருந்து பொருந்தாத நோயாளிக்கு மட்டும் அனுமதிக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் டெஸ்புளூரேனைச் சுற்றி எழுந்த பேச்சில் நைத்திரசு ஒட்சைட்டு கண்ணில் படாமல் போய்விட்டது. நிமிடத்துக்கு 1 லீற்றர் வாயு ஓட்டத்தில் 2% செவோபுளூரேனை ஒரு மணி நேரம் கொடுத்தால் வெளியேறுவது 2 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குள் அடங்கும். அதே ஓட்டத்தில் 60% நைத்திரசு ஒட்சைட்டு கொடுத்தால் ஏறத்தாழ 18 கிலோ. கிலோவுக்கு அதன் வீரியம் காபனீரொட்சைட்டைப் போல் 273 மடங்குதான். கொடுக்கும் அளவுதான் பெரிது. நூறு ஆண்டுக்கு மேல் காற்றில் தங்குகிறது, ஓசோனையும் அரிக்கிறது.

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து பார்ப்பவர் இங்கே ஒரு மறுப்பு சொல்லலாம். உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்களில் எறியும் யூரியாவிலிருந்தும் இதே வாயு கிளம்புகிறது. உலகில் மனிதச் செயலால் வெளிவரும் நைத்திரசு ஒட்சைட்டில் பெரும்பங்கு விவசாயத்தினது. மருத்துவத்தின் பங்கு சிறிது. வயலை விட்டு வைத்தியசாலையைப் பிடிப்பதேன்? அளவைப் பொறுத்தவரை மறுப்பு சரியே. ஆனால் யூரியாவில் ஒரு பகுதியேனும் நெல்லாகிறது. வைத்தியசாலையின் மத்திய குழாய்த்தொகுதியில் ஓடும் வாயுவோ நோயாளியை அடையுமுன்னே கசிகிறது. எடின்பரோவை உள்ளடக்கிய லோதியன் வைத்தியசாலைகளில் கணக்கிட்டபோது, வாங்கிய வாயுவில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் போயிருந்தது. இக்கசிவை நிறுத்துவதால் எந்த நோயாளிக்கும் இழப்பில்லை. 2024இல் அமெரிக்க மயக்கமருந்தியலாளர் சங்கம் மத்திய குழாய்களை மூடிச் சிறு சிலிண்டர்களுக்கு மாறும்படி சொன்னது.

செலவு பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. ஆவி வீணாவதைத் தடுக்க நோயாளிக்குக் கொடுக்கும் வாயு ஓட்டத்தைக் குறைக்கலாம்; குறைத்தால் விலையுயர்ந்த ஆவி மிஞ்சும். ஆனால் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்பும், நோயாளி சுவாசிக்கும் வாயுவை அளக்கும் கருவியும் வேண்டும். அந்தக் கருவி இல்லாத கூடத்தில் ஓட்டத்தைக் குறைப்பது ஆபத்து. சூழலின் பேரால் அதைக் கேட்பது நியாயமுமன்று. முள்ளந்தண்டில் ஊசி போட்டுச் செய்யக்கூடிய சிசேரியனுக்கு வாயுவே வேண்டாம். நாளத்தில் ஏற்றும் புரோபோபோலும் வெப்பத்தைப் பொறுத்தவரை மிகச் சிறிய சுமைதான், ஆனால் அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வாவியோர வைத்தியசாலையில் மிஞ்சியதை வடிகாலில் ஊற்றாமல் எரிக்க வேண்டும். குழாயின் விடயத்தில் இத்தகைய சிக்கல் எதுவுமில்லை: புதிதாகக் கட்டும் சத்திரசிகிச்சைக்கூடத்துக்கு நைத்திரசு ஒட்சைட்டுக் குழாய் தேவையில்லை.