கணவனின் சாட்சியம்: ‘கார்மில்லா’வும் மயிலாப்பூர்க் ‘காஞ்சனை’யும்

திறவுச்சொற்கள்: புதுமைப்பித்தன், காஞ்சனை, கார்மில்லா, கலைமகள், நீலி, தன்பாலீர்ப்பு

முன்னுரை

அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1871-72இல் லண்டன் இதழ் ஒன்றில் தொடராக வெளிவந்து, 1872இல் அவருடைய கதைத்தொகுப்பில் இடம்பெற்றது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வுக்கு (1897) இது கால் நூற்றாண்டு முந்தையது. ஸ்டிரியா நாட்டின் ஒதுக்குப்புறமான கோட்டை ஒன்றில் தந்தையுடன் வாழும் லாரா என்னும் இளம்பெண்ணின் வீட்டிற்கு, வண்டி விபத்தைக் காரணமாகக் கொண்டு மற்றோர் இளம்பெண் விருந்தினளாக வந்து சேர்கிறாள். பகலில் அவள் லாராவிடம் காதல்மொழி பேசுகிறாள். இரவில் இரத்தம் உறிஞ்சுகிறாள். 1698ஆம் ஆண்டு தேதியிட்ட பழைய ஓவியம் ஒன்றில் அவள் முகமே இருக்கிறது. வரலாறு, அச்சம், பெண்கள் இருவருக்கு இடைப்பட்ட காதல் ஆகிய மூன்றும் ஒரே புனைவில் பிணைந்த கோதிக் மரபுக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இம்மரபுக்குத் தமிழில் மிக அருகில் வருவது ஒரு நாவல் அன்று. 1943இல் மயிலாப்பூரிலிருந்து வெளிவந்த ‘கலைமகள்’ இதழில் அச்சான புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ என்னும் சிறுகதை. இவ்விரு படைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது எழும் வினா ஒன்றே: பேய் ஒரு பெண்ணைத் தேடி வரும்போது அதற்குச் சாட்சி சொல்லும் உரிமை யாருக்கு அளிக்கப்படுகிறது? செல்வாக்கு ஆய்வாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டை’னைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழாக்கியவர் புதுமைப்பித்தன் என்பதால், ஐரோப்பியப் பயங்கரப் புனைவு அவருக்குப் புறம்பானதன்று என்பதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும்.

அழைத்தால் வருபவளும் அழையாமல் வருபவளும்

இறந்த பெண் மீண்டு வருவது மயிலாப்பூருக்குப் புதிய செய்தியன்று. அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் குடத்தில் வைக்கப்பட்டிருக்க, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பியதைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. அவள் அழைத்தபோது வருகிறாள். அவள் வருகையில் அச்சத்திற்கு இடமில்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியோ அழையாமல் வருபவள். கணவனால் கொல்லப்பட்ட அவள், கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் எழுபதின்மர் அவையில் வழக்குரைத்துப் பழிதீர்க்கிறாள். நீலியின் பகை ஆண்மீது. அவள் பேசுவதும் ஆண்களின் அவையில்தான். மோகினிக் கதைகளிலும் பெண்பேய் நாடுவது ஆணையே. தமிழ்ப் பேய்மரபின் பெரும்பகுதி இந்த அச்சில் சுழல்வது.

காஞ்சனை இந்த அச்சை முறிக்கிறாள். பிச்சை கேட்டு வாசலுக்கு வரும் அவளை வேலைக்கு அமர்த்திக்கொள்பவள் எழுத்தாளனின் மனைவி. இருவரும் கதை பேசுகின்றனர், நெருங்குகின்றனர். கதைசொல்லியான கணவனை நள்ளிரவு நாற்றமும் காஞ்சனையின் சிரிப்பும் வதைக்க, மனைவிக்கோ அவளிடம் அச்சமே இல்லை. இரத்தத்துளி தோன்றுவது மனைவியின் கழுத்தில். பேயின் இலக்கு அவனல்லன் என்பதே அவனுடைய பேரச்சம் என்றுகூடக் கூறலாம்.

இக்கதையைப் பகுத்தறிவுக்கும் பழைய நம்பிக்கைக்கும் இடையிலான ஊசலாட்டமாகப் படிப்பதே பெருவழக்கு. அப்படிப்பு தவறன்று, ஆயினும் ‘பேய் உண்டா இல்லையா’ என்னும் வினாவிலேயே அது நின்றுவிடுவதால், பேய் யாரிடம் வந்தது என்பது கேட்கப்படாமல் போகிறது. ‘காஞ்சனை’யைப் பெண்ணிருவர் காதற்கதை என்று கூறுவதும் மிகையே. காதல் என்று சொல்லத்தக்க சொல் எதுவும் கதையில் இல்லை. ‘கார்மில்லா’வின் கட்டமைப்பு இருக்கிறது: வீட்டுக்குள் வரும் அந்நியப் பெண், பெண்ணோடு பெண் கொள்ளும் இணக்கம், இரவு, கழுத்து, இரத்தம், இறுதியில் வெளியிலிருந்து வரும் ஆணொருவன் தரும் மாற்று. லெ ஃபானுவிடம் அது ஈட்டி; புதுமைப்பித்தனிடம் திருநீறு.

வேறுபாடு சாட்சியத்தில் உள்ளது. ‘கார்மில்லா’வை லாராவே கூறுகிறாள். அவளது கூற்று மருத்துவர் ஒருவரின் தாள்களுக்குள் வைத்தே நமக்கு அளிக்கப்படுகிறது என்பது உண்மை. எனினும் ஈர்ப்பும் அருவருப்பும் ஒருங்கே தோன்றியதை அவள் வாயாலேயே கேட்கிறோம். கார்மில்லா அழிக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவளது காலடியோசை கேட்பதாக லாராவுக்குத் தோன்றுகிறது. காஞ்சனையோடு மனைவிக்கு நேர்ந்தது என்ன என்பதை மனைவி கூற ‘காஞ்சனை’யில் இடமில்லை. இரவில் விழித்திருப்பவன் கணவன். கண்டதும் மோந்ததும் கதையாக்கியதும் அவனே. பொய்யைக் கட்டி விற்றுப் பிழைப்பவன் என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்பவன் அவன் என்பதையும் மறத்தலாகாது.

தோழியின் இடம்

அகமரபில் பெண்ணின் நெருக்கத்திற்குத் தோழி என்னும் நிலையான இடம் உண்டு. தலைவியின் மெலிவை முதலில் அறிபவள் அவளே. ஆனால் அந்நெருக்கம் தலைவனை நோக்கிய வழியாகவே அமைகிறது. தமிழ் வரலாற்று நாவல் இவ்வமைப்பைச் சேதமின்றி ஏற்றுக்கொண்டது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் சுரங்கவழி, பாதாளச்சிறை, நந்தினியின் பழிவெறி எனக் கோதிக் கூறுகளுக்குப் பஞ்சமில்லை, வானதி குந்தவைமீது கொண்ட பற்று ஆழமாகவே சித்திரிக்கப்படுகிறது. அப்பற்றோ குந்தவையின் தம்பியை மணப்பதற்கான படியாகிவிடுகிறது. காஞ்சனை எந்தத் தலைவனிடமும் இட்டுச் செல்லாத தோழி. அவளைப் பேயாக்குவதைத் தவிர அன்றைய புனைவுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை.

ஓர் ஆண்டு முன்னர், 1942இல், லாகூரின் ‘அதப்-ஏ-லத்தீஃப்’ இதழில் இஸ்மத் சுக்தாயின் உருதுச் சிறுகதை ‘லிஹாஃப்’ வெளிவந்தது. அங்கும் வீட்டுத்தலைவி, பணிப்பெண், இரவு. சுவரில் யானையாய் அசையும் போர்வை நிழலைக் கண்டு நடுங்குபவள் ஒரு சிறுமி. அக்கதைமீது லாகூரில் ஆபாச வழக்குத் தொடரப்பட்டு, ஆபாசமான சொல் இன்னதென்று எடுத்துக்காட்ட இயலாமல் வீழ்ந்தது. ‘கலைமகள்’ இதழோ ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ நிறுவனத்தாரால் 1932இல் தொடங்கப்பெற்றது. சட்டத் தீர்ப்புகளை அச்சிட்ட மயிலாப்பூர் மனையிலிருந்துதான் ‘காஞ்சனை’யும் வெளிப்போந்தது. அதன்மீது வழக்கேதும் எழவில்லை. சிறுமியின் கண் விழிப்பின்றி அறிவித்ததைக் கணவனின் கண் பேயென்று பெயரிட்டு மூடிவிட்டது என்பதே இவ்விரு கதைகளின் வேறுபட்ட ஊழுக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

திருநீறும் தீர்ப்பும்

பெண்ணைப் பற்றியதை விரட்டும் சடங்கு புனைவோடு நின்றதன்று. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த பெண்கள் இருவர், பெற்றோர் அளித்த காணாமற்போன புகார்களின் பேரில் நிகழ்ந்த காவல்துறை விசாரணைக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். தன்பாலீர்ப்பு பற்றிய தமது புரிதலின் போதாமையை வெளிப்படையாகக் கூறி உளவியல் வல்லுநரிடம் கேட்டறிந்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூன் 7 அன்று வழங்கிய ஆணையில், பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடைசெய்தார். இவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இவர்களை மதிப்புடன் குறிப்பதற்கான கலைச்சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. 1943இல் எழுத்தாளனின் கையில் இல்லாதிருந்தவை இச்சொற்களே.

அவ்வழக்கில் மனுதாரரான பெண்கள் தம் உறவைத் தாமே நீதிமன்றத்தின் முன் கூறினர். ‘காஞ்சனை’யில் திருநீறு இடப்படுவது மனைவியின் நெற்றியில், இடவேண்டுமா என்று அவளை யாரும் கேட்பதில்லை.