புசுண்டனின் மூச்சு

மேரு மலை உச்சியில் ஒரு கற்பக மரம். அதில் கூடு கட்டி, உலகங்கள் அழிவதையும் பிறப்பதையும் பார்த்தபடி இருக்கிறது புசுண்டன் என்ற காகம். இத்தனை காலம் எப்படி வாழ்கிறாய் என்று தேடிப்போய்க் கேட்கிறார் வசிட்டர். மூச்சைக் கவனிக்கிறேன் என்கிறது காகம். வெளியே போன பிராணன் பன்னிரண்டு விரற்கடைத் தூரத்தில் ஓய்ந்து, அபானன் இன்னும் கிளம்பாத கணம். உள்ளே வந்த அபானன் இதயத்தில் அடங்கி, பிராணன் இன்னும் எழாத கணம். அந்த இடைவெளியில் எஞ்சி நிற்கும் உணர்வே பிரம்மம்.

ராமருக்கு வசிட்டர் உபதேசிக்கும் யோக வாசிட்டத்தில் வரும் இந்தக் கதையின் துணிச்சல் இன்று எளிதில் புலப்படாது. பதஞ்சலியின் யோகத்தில் புருஷன் என்ற அறிவு வேறு, பிரகிருதி என்ற சடம் வேறு. அதனாலேயே பிரம்மசூத்திர உரையில் அத்வைதியான சங்கரர் யோகத்தின் தத்துவத்தை மறுத்தார், அதன் தியான முறைகளை ஒதுக்காவிட்டாலும். காகமோ மூச்சுப் பயிற்சியை இரண்டற்ற ஒன்றின் வாசலாகவே ஆக்கிவிட்டது. மனம் என்ற மரத்துக்கு இரண்டு விதைகள் என்று நூல் சொல்கிறது: பிராணனின் அசைவு ஒன்று, வாசனை என்ற பழம்பதிவு இன்னொன்று. ஒன்று அழிந்தாலே மற்றதும் அழியும்.

இந்த நூலின் மூல வடிவமான மோட்சோபாயம் 10-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரில் உருவானது. அங்கேயே அபிநந்தர் அதைச் சுருக்கினார். பெரிய நூலைவிட அந்தச் சுருக்கமே நெடுந்தூரம் நடந்தது. 14-ஆம் நூற்றாண்டில் தெற்கே வித்யாரண்யர் கையில் அது சேர்ந்தது. உண்மையை அறிந்த பிறகும் மனம் ஏன் அலைகிறது? வேதாந்தம் படித்த எவரையும் உறுத்தும் கேள்வி இது. அறிவோடு மனோநாசமும் வாசனைக் கழிவும் சேர்ந்தே பயிலப்பட வேண்டும் என்று ஜீவன்முக்தி விவேகத்தில் அவர் பதில் சொன்னார். வாசிட்டத்தையும் பதஞ்சலியின் சூத்திரங்களையும் அருகருகே வைத்தே வாதிட்டார். யோகமும் அத்வைதமும் கைகோத்த இடம் எது என்று கேட்டால், நான் அவருடைய இந்த நூலைத்தான் காட்டுவேன்.

பிறகு வாசிட்டம் பாரசீகம் பேசியது. முகலாய இளவரசர் சலீமுக்காக நிஜாமுதீன் பானிபத்தி அதை மொழிபெயர்த்தார். 1602-இல் எழுதப்பட்ட, வாசிட்டத்தின் பாரசீக ஓவியப் பிரதி ஒன்று இன்று டப்ளினில் இருக்கிறது. 1656-இல் முகலாய இளவரசர் தாரா ஷிகோ புதிய மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்தார். கனவில் வசிட்டரும் ராமரும் தோன்றினார்கள், ராமர் என்னைத் தழுவிக்கொண்டார், அவர் கையால் இனிப்பு உண்டேன் என்று அதன் முன்னுரையில் அவர் எழுதினார். மூன்று ஆண்டுகளில் தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். அந்த முன்னுரையை என்னால் இன்றும் கலங்காமல் கடக்க முடிவதில்லை.

தமிழில் வீரை ஆளவந்தார் இதை ஞானவாசிட்டமாக விருத்தங்களில் பாடினார். கோவிலூர் வேதாந்த மடத்தில் அது பாடநூலானது. திருவண்ணாமலையில் ரமணர் உள்ளது நாற்பது அனுபந்தத்தில் வாசிட்டச் சுலோகங்கள் சிலவற்றைத் தமிழாக்கிச் சேர்த்தார். அடியார் முருகனார் வேண்டியபடி 1927-இல் அவர் எழுதிய உபதேச உந்தியாரிலும் மூச்சும் மனமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்ற கருத்து வருகிறது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. மூச்சை அடக்கினால் மனம் ஒடுங்கும்; ஒடுங்கியது திரும்ப எழும். ஒடுங்கிய அந்த மனத்தை ஒரே வழியில் செலுத்தினால்தான் அதன் உரு அழியும் என்றார்.