ஓட்டுநர் இல்லாத வண்டி

சுரங்க இரயில் பெருநகரங்களுக்கே உரியது என்று உலகம் எண்ணியிருந்த காலம் உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றிய நகரங்களுள் ஒன்று பிரான்சு நாட்டின் வடபுலத்திலுள்ள லீல். 1970ஆம் ஆண்டில் அதனருகே வில்நேவ் தாஸ்க் என்னும் புதுநகர் அமைந்தது. பல்கலைக்கழகம் உள்ள அவ்வூரைப் பழைய நகரோடு இணைக்க வேண்டியதாயிற்று. நீண்ட வண்டிகளை நிரப்பப் போதிய மக்கள் இல்லை, சிறு வண்டிகளை அடிக்கடி விடுவதென்றாலோ, ஒவ்வொன்றுக்கும் ஓட்டுநர் தேவை, செலவு தாங்காது.

இச்சிக்கலை அவிழ்த்தவர் லீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொபேர் கபியார். அவர் வகுத்த முறையில் தானியங்கிக் கருவிகளே வண்டியைச் செலுத்தின. கண்காணிப்போர் கட்டுப்பாட்டு நிலையத்தில் அமர்ந்தனர். இரும்புச் சக்கரத்துக்கு மாறாக ரப்பர் டயர் பூட்டப்பட்டது. அது பாதையை இறுகப் பற்றுவதால் வண்டி விரைந்து புறப்படும். குறுகிய தொலைவில் நிற்கும். மேட்டிலும் எளிதில் ஏறும். ஆகவே வண்டிகள் நெருங்கித் தொடர இயன்றது. எவரும் பாதையில் விழாதபடி மேடையோரம் கதவுகள் அமைந்தன. வண்டி வந்து நின்ற பின்னரே அவை திறக்கும்.

ஜப்பானின் கோபே நகரில் 1981லேயே இத்தகைய வண்டி ஓடியது. 1983ல் திறக்கப்பட்ட லீல் பாதையிலோ, நெரிசல் வேளையில் ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு வண்டி வரலாயிற்று. 1999ல் சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ஓடத் தொடங்கிய வண்டிகளும், அமைப்பில் வேறாயினும், இவ்வினத்தனவே.

ஓட்டுநரை நீக்கியதே இதன் சிறப்பென்பர் சிலர். வண்டி சிறிதாயினும் மக்களைக் காக்க வைக்காது என்ற உறுதியை நடுத்தர நகரமும் பெற்றதே மெய்யான சிறப்பாகும்.