கண்டி வீதியும் கிளாலிக் கடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலப்பரப்போடு பிணைக்கும் தரைவழிகளுள் தலையாயது ஆனையிறவு. யானைகள் ஆழமற்ற நீரேரியைக் கடந்த இடமாதலின் இப்பெயர் எய்திற்று என்பர். கண்டி வீதியும் புகையிரதப் பாதையும் இவ்வொடுங்கிய நிலத்தினூடே அமைந்தமையால், இதனை அடைப்பவர் குடாநாட்டின் வாயிலையே அடைப்பவராவர்.

1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் அதுவே நிகழ்ந்தது. இராணுவ முகாம் நின்ற ஆனையிறவினூடாகச் செல்லுதல் இயலாதாகவே, போக்குவரத்து மேற்கே கேரதீவு–சங்குப்பிட்டித் துறைக்குத் திரும்பிற்று. 1991இற் பூநகரி இராணுவத்தின் வசமாக அவ்வழியும் அற்றது. சிலகாலம் கொம்படி, ஊரியான் வெளிகளிற் சேற்றையும் நீரையும் மிதித்து மக்கள் நடந்தனர். பின்னர் எஞ்சியது கிளாலிக் கடல் ஒன்றே.

அக்கடலை இரவிலேயே கடக்க வேண்டியிருந்தது. இயந்திரம் பூட்டிய படகொன்று, கயிற்றாற் பிணைத்த ஏனைய படகுகளை இருளில் இழுத்துச் செல்லும். எரிபொருட்டடை நிலவிய காலத்தில் அவ்வியந்திரத்துக்கு எண்ணெய் தேடுவதே பெரும்பாடு! இருளும் காப்பாகவில்லை, 1993 ஜனவரி 2ஆம் நாள் கடற்படையின் தாக்குதலிற் பயணிகள் பலர் மாண்டனர். ஆயினும் பயணம் ஓயவில்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் வன்னிக்குச் சென்றோரும் இக்கடலையே கடந்தனர். இக்காலத்தைப் போர்முகாம்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இப்படகுகளை மறந்துவிடுகின்றனர்.

கண்டி வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்ற் 11இல் மீண்டும் மூடப்பட்டது. போர் ஓய்ந்த 2009இலேயே மறுபடி திறந்தது. சங்குப்பிட்டித் துறையில் 2011 ஜனவரியிற் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 288 மீற்றர்.