கல்லறைச் சடங்கும் உயிர்ப்புச் செய்தியும்

ஐரோப்பிய நாடக வரலாறு எழுதுவோர் இடைக்கால நாடகத்தின் வித்தினை உயிர்த்த ஞாயிற்று வழிபாட்டிற் காண்பது பெருவழக்கு. இயேசுவின் கல்லறைக்கு வந்த மகளிரை, அவர்கள் தேடுவது யாரையென வானதூதர் வினவுவதும், மகளிர் விடையிறுப்பதும், அவர் ஆண்டில்லை, உயிர்த்தெழுந்தார் எனத் தூதர் அறிவிப்பதுமாகிய சிற்றுரையாடலே அவ்வித்து. லிமோஜ், செயின்ட் கால் ஆகிய இடங்களிலுள்ள மடங்களின் 10ஆம் நூற்றாண்டு ஏடுகளில் இஃது இலத்தீனிற் காணப்படுகின்றது. இதனை நாடகத் தோற்றமாக மட்டும் நோக்குவோர், இது யார்பொருட்டு நிகழ்த்தப்பெற்றது என்னும் வினாவை எளிதிற் கடந்துவிடுகின்றனர். அவ்வினாவையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

நிகழ்த்துமுறையைத் தெளிவாகக் கூறும் பழைய நூல், இங்கிலாந்தில் எட்கர் மன்னர் காலத்தில், ஏறத்தாழ 970ஐ ஒட்டி, வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு தொகுத்த 'ரெகுலாரிஸ் கொன்கோர்தியா' என்னும் மடவொழுங்கு நூலாகும். ஃபிளரி, கெண்ட் மடங்களின் வழக்கங்களையும் அது தழுவியது. பெரிய வெள்ளியன்று சிலுவையைத் துணியிற் சுற்றி, பீடத்தின் ஒருபுறம் கல்லறைபோல் அமைத்த இடத்தில் வைத்துத் திரையிடுவர். ஞாயிறு வைகறை வழிபாட்டில், வெண்ணாடை அணிந்த துறவி ஒருவர், வேறு பணிக்குச் செல்வார்போற் சென்று, கையிற் குருத்தோலையுடன் அக்கல்லறையருகே அமைதியாக அமர்வார். பின்னர் மூவர் தூபக்கலம் ஏந்தி, எதனையோ தேடுவார்போல் அடிமேல் அடிவைத்து அணுகுவர். வினாவும் விடையும் பாடப்பெற்றபின் மூவரும் பாடகர் குழுவின்பால் திரும்பி உயிர்ப்பை அறிவிப்பர். அமர்ந்திருந்தவர் அவர்களை மீள அழைத்துத் திரையை நீக்குவார். சிலுவை இராது, துணி மட்டுமே கிடக்கும். மூவரும் தூபக்கலங்களைக் கல்லறையில் வைத்துவிட்டு, அத்துணியை எடுத்துக் குருமார் காண விரித்துக் காட்டிப் பீடத்தின்மேல் வைப்பர். மடத்துத் துணைத்தலைவர் நன்றிப்பாடலைத் தொடங்க, மணிகளெல்லாம் ஒருங்கே ஒலிக்கும்.

சிலுவையை அடக்கம் செய்யும் பகுதியைக் கூறுமிடத்து, கல்லாத பொதுமக்கள், புதிதாகச் சமயம் சேர்ந்தோர் ஆகியோரின் நம்பிக்கையை உறுதிப்படுத்துவது அதன் நோக்கமென அந்நூலே மொழிகின்றது. இக்குறிப்பே நம் ஆய்வுக்கு அடிப்படை. இலத்தீன் அறியாதார்க்கு இலத்தீன் உரையாடலால் யாது பயன்? அவர்க்குச் செய்தி சொல்லியது உரையாடல் அன்று, வெறுந்துணியே எனக் கொள்வது பொருந்தும். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகளுள் 4ஆம் நூற்றாண்டினவாகிய இரண்டு, மகளிர் அச்சத்தால் எவர்க்கும் எதுவும் கூறாது ஓடினர் என்பதோடு முடிகின்றன. சடங்கிலோ மகளிர் ஓடுவதில்லை. மத்தேயு கூறுமாப்போல் செய்தியைப் பிறர்பாற் கொண்டுசெல்கின்றனர். அதனை மணியோசை மடத்து மதிலுக்கு அப்பாலும் சேர்க்கின்றது.

கார்ல் யங் 1933இல், வேடம் புனைதலை நாடகத்திற்கு அளவுகோலாகக் கொண்டு இச்சடங்குகளைப் பாகுபடுத்தினார். எளியவற்றினின்று படிப்படியாக விரிந்தன என்னும் வளர்ச்சிக் கோட்பாட்டை ஹார்டிசன் 1965இல் வன்மையாக மறுத்தார். அம்மறுப்பு நமக்கும் உடன்பாடே. ஆயினும் வழிபாடோ நாடகமோ என்னும் வழக்கைக் காட்டிலும், ஊர்க்கோயில்கள் எதனை ஏற்றன எனக் காண்பது பயனுடைத்து. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள உரையாடற் பிரதிகள் மிகச் சிலவே. கல்லறை அமைக்கும் வழக்கமோ ஊர்தோறும் பரவியது. இரவிற் கல்லறையைக் காத்தோர்க்குக் கூலி கொடுத்த செய்தியைக் கோயிற் கணக்கேடுகள் குறிக்கின்றன. மக்கள் ஏற்றது காவலையும் வெறுங்கல்லறையையுமே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதின்று.

16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் அவ்வழக்கம் ஒழிந்தது. மரத்தாற் செய்தவை பல அழிந்தன. ஹாட்டன், ஹெக்கிங்டன் ஆகிய ஊர்க்கோயில்களில் 14ஆம் நூற்றாண்டுக் கற்கல்லறைகள் எஞ்சியுள்ளன. அவற்றின் அடியில் காவல் வீரர் உறங்கும் கோலத்திற் செதுக்கப்பெற்றிருப்பதை இன்றும் காணலாம்.